பாட்டில் எப்போது முடியும்?

மாலை வேளையில் பொது வார்டின் நடுவழியே ஒருமுறை நடந்து சென்றால், ஒரே கேள்வி கட்டிலுக்குக் கட்டில் எழுவதைக் கேட்கலாம். "சிஸ்டர், இந்த பாட்டில் எப்ப முடியும்?" நாகல் நகரில் தறியை நிறுத்திவிட்டு வந்த மகன் கேட்கிறார். நத்தம் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மருமகள் கேட்கிறார். கழிவறைக்கு எழுந்து போகலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்று தெரியாமல் தவிக்கும் நோயாளியே சில வேளை கேட்கிறார். எங்களிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "முடியுறப்ப கூப்பிடுங்கம்மா."

இந்த விடை போதாது என்பதே எங்கள் கருத்து. செவிலியரும் மருத்துவரும் சேர்ந்து இம்மடலுக்கு எழுதுகிற நாங்கள், எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். ஒரு பாட்டில் தொங்கவிடப்படும்போது அது எந்நேரம் முடியும் என்பதும் அப்போதே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். கணக்கிடப்பட்ட நேரம் உடனிருப்போருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டவர்கள் சொட்டுகளை எண்ணலாம், ஐயம் எழுந்தால் எங்களை அழைக்கலாம். குழாயில் உள்ள சிறு சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது.

எப்போது முடியும் என்ற கேள்வியைப் பொறுமையின்மை என்று எண்ணுவது எங்கள் தொழிலில் ஒரு பழைய பழக்கம். இரவு இரண்டு மணிக்கு வார்டுக்குள் வந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். கட்டிலுக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி, கண் சொக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்துப் பாட்டிலைப் பார்க்கும் தாயையும் மனைவியையும் அங்கே காணலாம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பாட்டில் மூன்றரை மணிக்கு முடியும் என்று ஒருவர் சொல்லியிருந்தால், கைப்பேசியில் மூன்றே கால் மணிக்கு மணி அடிக்குமாறு வைத்துவிட்டு அவர்கள் உறங்கியிருக்கலாம். ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் விட்டதால் ஒருவரின் இரவு உறக்கம் போகிறது.

அந்தக் கணக்கு கடினமானதும் அன்று. ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம் பக்கத்து உழவர்களுக்கு அதை நாங்கள் கற்றுத்தர வேண்டியதே இல்லை. மணிக்கு நான்கு லிட்டர் விடும் டிரிப்பர் செடிக்கு ஒன்று வீதம் வைத்து, செடிக்குப் பன்னிரண்டு லிட்டர் வேண்டுமென்றால் மோட்டாரை மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தின் அதே கணக்குத்தான் கட்டிலுக்கு மேலேயும் நடக்கிறது. இங்கே லிட்டருக்குப் பதில் மில்லிலிட்டர், டிரிப்பருக்குப் பதில் கண்ணுக்கு முன்னே விழும் சொட்டு.

முதலில் தெரியவேண்டியது, எத்தனை சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் ஆகும் என்பது. இது பாட்டிலைப் பொறுத்ததன்று, ஐ.வி. செட் எனப்படும் குழாயைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு இங்கு வழக்கமாகப் பயன்படும் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 15 சொட்டு ஒரு மில்லியாகும் செட்டுகளும் உண்டு. குழந்தைகளுக்கும், மிக நுட்பமாகச் செலுத்த வேண்டிய மருந்துகளுக்கும் 60 சொட்டு ஒரு மில்லியாகும் நுண்சொட்டு செட் பயன்படுகிறது. எண் உறையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் உறை பிரித்ததும் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. ஆகவே செவிலியரிடம், "இது எத்தனை சொட்டு செட்?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் கொள்ளும் செவிலியர் எங்களுள் இருக்கக்கூடாது.

20 சொட்டு செட் என்றால், 500 மில்லி பாட்டிலில் மொத்தம் 10,000 சொட்டு இருக்கிறது. நிமிடத்திற்கு 40 சொட்டு விழுந்தால் 250 நிமிடம், அதாவது நான்கு மணி பத்து நிமிடம் ஆகும். இதைவிட எளிய வழியும் உண்டு. 20 சொட்டு செட்டில், ஒரு நிமிடத்தில் விழும் சொட்டுகளை மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லி போகிறது என்பது கிடைத்துவிடும். 30 சொட்டு விழுந்தால் மணிக்கு 90 மில்லி. பாட்டிலில் இன்னும் 270 மில்லி எஞ்சியிருந்தால் மூன்று மணி நேரம். 15 சொட்டு செட்டுக்கு நான்கால் பெருக்க வேண்டும். 60 சொட்டு செட்டுக்குப் பெருக்கலே தேவையில்லை. நிமிடத்திற்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி.

எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது அவசரத்தில் நாங்களும் செய்வதுதான். ஆனால் மெதுவாகச் சொட்டும் பாட்டிலில் ஒரு சொட்டு தவறினால் கணக்கில் நான்கு சொட்டு பிசகிவிடும்.

அடுத்த கட்டிலோடு ஒப்பிடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது. "அவருக்கு வேகமாப் போகுது, எங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படிச் சொட்டுது?" என்ற மனக்குறை வார்டில் அடிக்கடி எழுகிறது. பக்கத்துக் கட்டிலில் நுண்சொட்டு செட்டில் நிமிடத்திற்கு 60 சொட்டு சடசடவென்று விழுந்துகொண்டிருக்கலாம். அது மணிக்கு 60 மில்லி மட்டுமே. உங்கள் தந்தைக்கு 20 சொட்டு செட்டில் 25 சொட்டு நிதானமாக விழுகிறது என்றால், அது மணிக்கு 75 மில்லி. கண்ணுக்கு மெதுவாகத் தெரிவதே உண்மையில் மிகுதியாகப் போகிறது.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் பாட்டில் ஏன் சொன்ன நேரத்தில் முடிவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். பம்ப் இல்லாத பாட்டிலிலிருந்து திரவம் தன் எடையாலேயே இறங்குகிறது. பாட்டில் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டாலும், நோயாளி எழுந்து உட்கார்ந்தாலும், ஊசி இருக்கும் கையை மடக்கினாலும், அந்தக் கையின் மேலேயே புரண்டு படுத்தாலும் சொட்டு குறையும், சில வேளை நின்றே போகும். கையை நீட்டியதும் மறுபடியும் ஓடும். பாட்டிலில் திரவம் இறங்க இறங்க வேகமும் சற்றுத் தளரும். ஆகவே நாங்கள் சொல்லும் நேரம் ரயில்வே கால அட்டவணை அன்று. கால் மணி, அரை மணி முன்பின் ஆவது இயல்பு. ஆனால் நான்கு மணி நேரத்தில் முடியவேண்டிய பாட்டில் ஒன்றரை மணியில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தாலும், இரண்டு மணி நேரம் கழிந்தும் கழுத்தளவு நிறைந்தே இருந்தாலும் உடனே அழைக்க வேண்டும். முடிவு நேரம் தெரிந்தவர்களால்தான் இந்த வேறுபாட்டைக் காண முடியும். "முடியுறப்ப கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லப்பட்டவர், வெறும் பாட்டிலைக் கண்டபிறகே அழைப்பார்.

எங்களுள் ஒருவர் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், இதயம் தளர்ந்தவர், காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருந்தார். 500 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் செலுத்த வேண்டும் என்பது மருத்துவர் எழுதிய குறிப்பு. மாலை ஆறு மணிக்கு நிமிடத்திற்கு 21 சொட்டு என்று வைக்கப்பட்டது. முடிய வேண்டிய நேரம் இரவு இரண்டு மணி. குறிப்பேட்டில் அது இருந்தது. மகனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா சீக்கிரம் உறங்கட்டும், கை கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்ற அன்பினால் அவர் சக்கரத்தைச் சற்றே மேலே தள்ளினார். இரவு எட்டரை மணிக்குச் செவிலியர் வந்தபோது ஏறக்குறைய 100 மில்லியே எஞ்சியிருந்தது. பெரியவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நிமிடத்திற்கு 56 சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எட்டு மணி நேரத்திற்கு உரிய நீரை மூன்று மணி நேரத்தில் ஏற்றும் வேகம் அது. தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ளிவிட முடியாமல் நீர் நுரையீரலில் தேங்கத் தொடங்கியிருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து திரும்பினார். அந்த மகன் அதற்குப் பிறகு தந்தையின் முகத்தை நேரே பார்க்கவில்லை என்று எங்கள் சகோதரி சொல்வார். மகன் செய்தது தவறுதான். ஆயினும் "இரண்டு மணிக்கு முடியும், மெதுவாகப் போவதுதான் உங்கள் அப்பாவுக்கு மருந்து" என்ற ஒரு வரியை ஆறு மணிக்கே அவரிடம் சொல்லியிருந்தால் அவர் கை அந்தச் சக்கரத்திற்குப் போயிருக்காது. அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டவர்களுக்கும் அந்தத் தவற்றில் பங்கு உண்டு என்றே நாங்கள் கருதுகிறோம்.

மெதுவாகப் போனால் எப்போதும் நல்லது என்றும் இதிலிருந்து கொள்ளக்கூடாது. சில மருந்துகள் விரைந்தே போக வேண்டும். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்குக் கொடுக்கும் மானிட்டால், அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தன் வேலையைச் செய்யும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் 100 மில்லி பாராசிட்டமால் கால் மணியில் முடிந்துவிடும். அதற்கு நேர்மாறாக, வான்கோமைசின் என்னும் கிருமிக்கொல்லி ஒரு கிராம் போக ஒரு மணி நேரத்திற்குக் குறையக்கூடாது. விரைந்தால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தம் இறங்கும். பொட்டாசியம் கலந்த பாட்டில் இன்னும் கவனத்துக்குரியது. அது விரைந்து ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம். இரத்தம் ஏற்றும்போது முதல் கால் மணி மெதுவாகச் செலுத்தி, ஒவ்வாமை உண்டா என்று அருகே நின்று பார்க்கிறோம். பிறகு வேகத்தைக் கூட்டி, தொடங்கியதிலிருந்து நான்கு மணி நேரத்திற்குள் முடிக்கிறோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இரத்தம் அதற்குமேல் வெளியே தொங்கினால் கிருமி பெருக இடமாகிவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டில், பை, குழாய். உள்ளே இருப்பது எது என்பதைக் கொண்டே வேகம் முடிவாகிறது. சக்கரத்தைத் தொட வேண்டாம் என்று நாங்கள் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான்.

மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியே ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தமிழகமெங்கும் டெங்கு பரவியதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நோயில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. ஒன்று முதல் இரண்டு நாள் வரை இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்நேரத்தில் திரவம் குறைந்தால் அதிர்ச்சி நிலை, மிகுந்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் தேங்கும். ஆகவே வேகம் சில மணிக்கு ஒருமுறை மாற்றப்படும். 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொடக்கத்தில் கிலோவுக்கு 5 மில்லி வீதம் மணிக்கு 100 மில்லி இரண்டு மணி நேரம் போகிறது. பிள்ளை தேறினால் மணிக்கு 60 மில்லியாகக் குறைத்து நான்கு மணி நேரம். பிறகு 40 மில்லி. முதல் வேகத்திலேயே போயிருந்தால் 500 மில்லி ஐந்து மணி நேரத்தில் முடிந்திருக்கும். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏழரை மணி நேரம் ஆகும். "பத்து மணிக்கு முடியும்னு சொன்னீங்க, இப்ப பன்னிரண்டரைங்கிறீங்க" என்று அந்தத் தாய் கேட்டால், பிள்ளை தேறி வருவதால்தான் நேரம் நீள்கிறது என்று நாங்கள் விளக்க வேண்டும். வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் முடிவு நேரத்தையும் திருத்திச் சொல்லாவிட்டால், நற்செய்தியே அச்சமாக மாறிவிடும்.

குழந்தைகளுக்குப் பாட்டிலுக்குக் கீழே அளவுக்கோடுகள் இட்ட ஒரு சிறு குழல் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்திற்கு வேண்டிய அளவை மட்டும் அதில் இறக்கி மேற்புறத்தை அடைத்துவிடுவோம். சக்கரம் தற்செயலாகத் திறந்துகொண்டாலும் அந்தச் சிறு அளவுக்கு மேல் பிள்ளைக்குள் போகாது. குழல் வெறுமையாகத் தெரிவதைக் கண்டு, பெரிய பாட்டில் நிறைய இருக்கிறதே என்று நீங்களே அடைப்பைத் திறந்துவிட வேண்டாம். அழையுங்கள்.

திரவம் செலுத்துவதில் தொடங்குவது எளிது, உடன் நின்று பார்ப்பதே அரிது. இந்தச் சிகிச்சையின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கிறது. 1832-ஆம் ஆண்டு பிரிட்டனில் காலரா பரவியபோது, எடின்பரோவை அடுத்த லீத் என்னும் துறைமுக ஊரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர், காலராவில் இரத்தம் தன் நீரையும் உப்பையும் இழக்கிறது என்று ஓ'ஷாநெசி என்ற இளம் மருத்துவர் கண்டு சொன்னதை ஏற்று, உப்புநீரைச் சிரை வழியே செலுத்திப் பார்த்தார். (அந்த ஓ'ஷாநெசி பிற்காலத்தில் கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி இட்டவரும் ஆனார்.) லட்டாவின் முதல் நோயாளி, நாடி அடங்கிய நிலையில் கிடந்த ஒரு முதிய பெண்மணி. அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட், அதாவது மூன்று லிட்டர் அளவில் உப்புநீர் போனதும் குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன. நாடி திரும்பியது, அவர் பேசினார். அபாயம் நீங்கியது என்று கருதிய லட்டா, அவரை மருத்துவமனை மருத்துவரின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டன. செலுத்துவது மறுபடி தொடங்கப்படவில்லை. ஆறு மணி நேரத்திற்குள் அம்மூதாட்டி இறந்துபோனார். லட்டா இதனை மறைக்காமல் லான்செட் இதழுக்கு எழுதிய மடலிலேயே பதிந்துவைத்தார். அடுத்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சிலர் பிழைத்தார்கள்.

இனி, உடனிருப்போர் பாட்டிலை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதற்குப் பின்னே உள்ள பெரிய அச்சம். பாட்டில் தீர்ந்தால் காற்று உள்ளே ஏறி உயிர் போய்விடும் என்ற பேச்சு திரைப்படங்களாலும் கதைகளாலும் ஊறிப்போனது. கையில் போட்ட ஊசிக்கு, உயரத்திலிருந்து தானே இறங்கும் பாட்டில் தீர்ந்தால், வழக்கமாக நடப்பது வேறு. குழாயில் திரவம் ஓரளவு இறங்கி, சிரையிலுள்ள இரத்தத்தின் அழுத்தத்திற்கு ஈடான மட்டத்தில் நின்றுவிடும். பிறகு இரத்தம் குழாய்க்குள் சற்று ஏறும், உறையும், ஊசி அடைத்துக்கொள்ளும். மறுபடி வேறிடத்தில் குத்த வேண்டிவரும். நோயாளிக்கு வலி, எங்களுக்கு மனவருத்தம். குழாயில் தெரியும் ஓரிரு சிறு குமிழிகளாலும் ஆபத்து இல்லை. கழுத்திலோ மார்பிலோ பெரிய சிரைக்குள் குழாய் போட்டவர்களின் நிலை வேறு. அங்கே காற்று புகுவது உண்மையிலேயே ஆபத்து. அவர்களை நாங்கள் அருகிருந்தே பார்த்துக்கொள்கிறோம். வார்டில் கையில் ஊசியோடு படுத்திருப்பவரின் பாட்டில் நீங்கள் கண்ணயர்ந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டால், நீங்கள் யாரையும் கொன்றுவிடவில்லை. சற்று நேரத்தோடு அழைத்தால் ஒரு குத்து மிச்சம், அவ்வளவே.

கணக்கு என்று தொடங்கிவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். உடம்பு தளர்ச்சியாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் என்று கேட்டு வருபவர்கள் நாள்தோறும் உண்டு. 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறத்தாழ 100 கலோரி, இரண்டு இட்லியில் கிடைப்பது. அதற்காக நான்கு மணி நேரம் படுத்து, ஒரு குத்தும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாயால் குடிக்க முடிந்தவருக்கு வாய்தான் நல்ல வழி. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, திலீப் மகலானபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அந்த நீரை அங்கே உறவினர்களே குவளையில் ஊட்டினார்கள். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக மருந்துக் கடையில் கிடைப்பது அதன் வழிவந்ததுதான். பாட்டில் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் உங்களைக் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

எங்கள் சக பணியாளர்களிலேயே சிலருக்கு இந்தக் கட்டுரையின் கருத்தில் உடன்பாடில்லை. கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் ஆளாளுக்குச் சொட்டு எண்ணத் தொடங்குவார்கள், ஐந்து நிமிடம் தாமதமானாலும் சண்டைக்கு வருவார்கள், கணக்குத் தெரிந்த துணிவில் தாமே சக்கரத்தைத் திருப்புவார்கள் என்பது அவர்களின் கவலை. இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களுக்கிடையே ஓடுகிறார் என்பதை அறிந்தவர்கள் அந்தக் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாங்களும் தள்ளவில்லை. ஆனால் சக்கரத்தைத் திருப்புபவர்கள் இப்போதும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்னே சொன்ன மகனுக்கு எந்தக் கணக்கும் தெரிந்திருக்கவில்லை. மேலும், ஒரு செவிலியரால் ஒரே நேரத்தில் எல்லாக் கட்டிலிலும் நிற்க முடியாது. ஒவ்வொரு கட்டிலிலும் நேரம் தெரிந்த ஒரு சொந்தக்காரர் இருந்தால் அது அவருக்கு உதவிதான். விழிப்போடு இருப்பவர் தவறான நேரத்தில் பத்து முறை அழைக்கமாட்டார், சரியான நேரத்தில் ஒருமுறை அழைப்பார்.

இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஃப்யூஷன் பம்ப் ஒவ்வொரு கட்டிலுக்கும் வந்தால் மகிழ்ச்சியே. அது வரும்வரை ஒரு துண்டு பிளாஸ்டரும் பேனாவும் போதும். பாட்டிலின் மேலேயே எழுதாமல், பிளாஸ்டரில் எழுதி ஒட்ட வேண்டும். மென்மையான பிளாஸ்டிக்கில் மை ஊறக்கூடும், கூரிய முனை துளையும் இடக்கூடும். ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் வரும் செவிலியர் அந்தத் துண்டையும் பாட்டிலின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேகம் மாற்றப்பட்டால் பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டியம்மா துணைக்கு இருந்தால், வாயால் சொல்லி, அவர் திரும்பச் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வேண்டுவது இப்படி ஒரு துண்டு: "தொடக்கம் மாலை 6.00. செட் 20. நிமிடத்திற்கு 21 சொட்டு. முடிவு இரவு 2.00." அதைப் பார்த்து மகன் தன் கைப்பேசியில் 1.45-க்கு மணி வைத்துக்கொண்டு, வராந்தாவில் பாயை விரிக்கலாம்.